மக்கோ என்ன தின்னும் என்று நீ எழுதவில்லை

வடகடல், தாய்க்கப்பல்
1957 மே 26

அன்புள்ள தோமே அக்காவுக்கு,

தம்பி குமகிச்சி தலை தாழ்த்தி எழுதுவது. அயுகாவாவில் இந்நேரம் குளிர் விலகியிருக்கும். இங்கே மூடுபனி. காலையில் முகம் கழுவத் தண்ணீர் வேண்டாம், வெளியே தலையை நீட்டினால் போதும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். முதுகு மட்டும் நலமில்லை, அதைக் கழித்துக்கொள்.

முதல் வாரமே மானம் கப்பலேறிவிட்டது. திமிங்கிலக் கொழுப்பு அறுக்கிற தளத்தில் வழுக்கி, உட்கார்ந்தபடியே தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், கப்பல் தலைவர் காலடியில் நின்றேன். “மன்னிக்கணும் ஐயா, வந்துட்டேன்” என்றேன். “வந்தது சரி, எந்திரிச்சுப் போ” என்றார். மறுநாளே பெரிய கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது நான் இரைப்பை உதவியாளன். சிரிக்காதே, அப்படி ஒரு வேலை இருக்கிறது. தோக்கியோவிலிருந்து ஓச்சியாய் என்று ஒரு ஆராய்ச்சிக்காரப் பிள்ளை வந்திருக்கிறான். திமிங்கிலம் கடைசியாக என்ன சாப்பிட்டது என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவு படித்தானாம். நான் இரைப்பையைக் கிழிக்கிறேன், அவன் மோந்து பார்க்கிறான். இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை.

பழைய பூட்ஸின் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறது. புதிது வாங்கியிருக்கலாம்தான். கடைசியாக இஷினோமாக்கிக் கடையில் ஒரு ஜோடி வாங்கினேன், எனக்கில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைவாசலை மிதிக்க மனம் வரவில்லை.

சடங்குக்கு இருக்காமல் கப்பலேறிவிட்டேன். அதைப்பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

குமகிச்சி


அயுகாவா
ஜூன் 14

தம்பிக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிறது. உன் முதுகுக்கு ஒட்டும் பட்டை இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். கைக்கு எட்டாது, யாரையாவது ஒட்டச் சொல்.

நீ எழுதத் தயங்கியதை நானே எழுதிவிடுகிறேன். மார்ச் மாதம் என் மகன் இசோகிச்சி மிங்கித் திமிங்கிலம் பிடிக்கிற படகிலிருந்து கடலில் விழுந்தான். பதினேழு வயது. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனவன். உடல் கிடைக்கவில்லை. எழுதியாயிற்று. கை முறிந்துவிடவில்லை.

சடங்கு நடக்கவில்லை, அதனால் நீ இல்லாதது குறையாகவில்லை. கோயில் சாமியார் வந்தார். “பெயர்ப்பலகை எழுதிடலாமா தோமே?” என்றார். “சோறு தின்னுக்கிட்டிருக்கிறவனுக்கு யாராச்சும் செத்தவங்க பலகை எழுதுவாங்களா சாமி?” என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நிழல் தட்டு வைக்கிறேன். கடலுக்குப் போனவர்களுக்கு எல்லா வீட்டிலும் வைப்பதுதானே. காலையில் அவன் உட்காரும் மெத்தைக்கு எதிரே சோறு, மிசோ சாறு, முள்ளங்கி ஊறுகாய். கொஞ்ச நேரம் கழித்துச் சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் தூக்குகிறேன். உள்பக்கம் வியர்த்திருந்தால் போனவன் உயிரோடு இருக்கிறான். தினமும் வியர்த்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஃபுகுயோ, “சோறு சூடா இருந்தா மூடி வேர்க்காம என்னக்கா செய்யும்?” என்கிறாள். “அப்ப நான் சூடாவே வெச்சுக்கிட்டிருக்கேன், உனக்கென்னடி?” என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். அன்றிலிருந்து திமிங்கிலக் கறி என் வாயில் இறங்கவில்லை. இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? துக்க வீடு என்று ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கி, கும்பிட்டு, இருட்டியதும் பூனைக்குப் போடுகிறேன். பூனை பருத்துவிட்டது. நான் அப்படியில்லை.

நீ வயிற்றைக் கிழிக்கிறவன். எந்தத் திமிங்கிலம் என்ன தின்னும் என்று எழுது. ஒவ்வொன்றாக எழுது. ஏன் கேட்கிறேன் என்று உனக்குப் புரியும். வேடிக்கை வேண்டாம்.

தோமே


வடகடல்
ஜூலை 2

அக்காவுக்கு,

பட்டை வந்தது. ஓச்சியாய் ஒட்டிவிட்டான். நடுமுதுகில் ஒட்டச் சொன்னால் விலா எலும்பை எண்ணி அளவெடுத்து ஒட்டுகிறான். மூடுபனி இன்னும் விலகவில்லை. நீ தூங்குகிறாயா?

வேடிக்கை வேண்டாம் என்கிறாய். வாத்தைக் கூப்பிட்டு நடையை மாற்று என்றால் மாற்றுமா? முயற்சி செய்கிறேன்.

முதலில் பல்லில்லாதவை. நீலத் திமிங்கிலத்தைத் தெற்குக் கடலில் பார்த்திருக்கிறேன், இங்கேயும் ஒன்று வந்தது. நம் தெருவில் படுக்கப் போட்டால் உன் வீட்டில் தலையும் மீன்கடையில் வாலும் இருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு தின்பது கூனி. சுண்டுவிரல் நீளக் கூனி இறால், அவ்வளவுதான். வாயில் பல் கிடையாது, மூங்கில் திரை மாதிரி ஒன்று தொங்குகிறது. ஒரு வாய்த் தண்ணீரை மொண்டு, திரை வழியாகத் துப்பிவிட்டு, மிஞ்சின கூனியை நக்கிக்கொள்கிறது. தொண்டையைச் சொல்கிறேன் கேள்: விரல் மடக்கிய என் முட்டி போகும், முழங்கை போகாது. நானே விட்டுப் பார்த்தேன். ஓச்சியாய் எழுதிக்கொண்டான்: ‘உதவியாளரின் முட்டி, நடுத்தரம்’. இவ்வளவு வருஷ உழைப்புக்கு விஞ்ஞானத்தில் எனக்குக் கிடைத்த இடம் அது.

துடுப்புத் திமிங்கிலமும் அப்படித்தான். கூனி, கூனி கிடைக்காவிட்டால் நெத்திலி.

நம் ஊருக்கு வரும் மிங்கியும் திரைவாய்தான், அக்கா. வசந்தகாலத்தில் அது வருவதே மணலுக்குள் புதைகிற அந்தச் சின்ன வெள்ளி மீனுக்காக. அப்புறம் மத்தி. அதைவிடப் பெரிதாக எதுவும் அதன் தொண்டையில் இறங்காது. ஒரு சோற்று உருண்டையை முழுசாகக் கொடுத்தால் விக்கிச் செத்துவிடும். மிங்கியைத் தைரியமாகச் சாப்பிடு. இஞ்சி துருவிப் போட்டு, என் பங்குக்கும் சேர்த்து.

உன் பூனையை நலம் விசாரித்ததாகச் சொல்.

குமகிச்சி


அயுகாவா
ஜூலை 17

தம்பிக்கு,

நலம். மழை பிடித்துக்கொண்டது. மெத்தையெல்லாம் பூஞ்சை. அவன் மெத்தையை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைக்கிறேன்.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். முட்டி விஷயத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். சிரித்ததும் அவன் மெத்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், திட்டுவான் என்பதுபோல.

நீலத்தை எழுதினாய், துடுப்பை எழுதினாய், மிங்கியை எழுதினாய். மக்கோ என்ன தின்னும் என்று நீ எழுதவில்லை. அந்தத் திமிங்கிலத்துக்குப் பல் இருக்கிறது. மே முழுக்க நம் கரையில் ஏற்றியது மக்கோதான். தெருவெல்லாம் அதன் எண்ணெய் வாடை. கறியில் எது மிங்கி எது மக்கோ என்று கொண்டுவருகிறவர்களிடம் எப்படிக் கேட்பேன்?

சின்ன வயதில் பிடிக்காத காயைச் சோற்றுக்கு அடியில் மறைப்பாய். அம்மா பார்க்கவில்லை என்று நினைப்பாய். அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

தோமே


வடகடல்
ஜூலை 30

அக்காவுக்கு,

இங்கே அருமையான வெயில். எல்லோரும் பனியனோடு திரிகிறார்கள். முதுகு சரியாகிவிட்டது. சாப்பாடு பிரமாதம். உன் உடம்பு எப்படி?

மக்கோ தின்பது கணவாய், அக்கா. கணவாய் மட்டும்தான். காலையில் கணவாய், மத்தியானம் கணவாய், ராத்திரி விருந்தாளி வந்தாலும் கணவாய். அவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு வேறு யோசனையே கிடையாது. நம் ஊர்க்காரன் ஒருவன் இருந்தானே, மாப்பிள்ளைச் சாப்பாட்டிலும் கணவாய் கேட்டவன், அவன் மாதிரி. வெளிச்சமே புகாத ஆழத்துக்கு மூச்சுப் பிடித்து முங்கிப் போய்ப் பிடிக்கும். வயிற்றைக் கிழித்தால் கணவாய் அலகு, கிளி மூக்கு மாதிரி, வாளி வாளியாக. தசையெல்லாம் கரைந்தாலும் அலகு கரையாது. பல் இருப்பது சும்மா அழகுக்கு. மெல்லுவதே இல்லை. அப்படியே விழுங்கும்.

கணவாயைத்தான் விழுங்கும். வேறெதையும் இல்லை. இந்தக் கடிதம் முழுக்கக் கணவாய் என்ற சொல்லே வருகிறது, பார். அதிலிருந்தே தெரியவில்லையா? சத்தியம்.

சமையற்காரர் கூப்பிடுகிறார். நிறுத்துகிறேன்.

குமகிச்சி


அயுகாவா
ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

நீ நலம் என்று எழுதியதைப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் ஒரு வேடிக்கைகூடச் சரியாக வரவில்லை. அப்போதே தெரிந்தது.

உன் கடிதம் வந்த, உங்கள் கறியை ஊருக்கு ஏற்றிவரும் அதே கறிக்கப்பலில் ஃபுகுயோவுக்கும் அவள் புருஷனிடமிருந்து கடிதம். உங்கள் கப்பலில் கொதிகலன் பார்க்கிறவர்தானே. அவளுக்கு எழுத்து வராது என்று மீன்கடைக்காரர் வாசித்தார், கடை முழுக்க ஆள். வாசித்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். ஃபுகுயோவுக்கு நிறுத்தத் தெரியாது.

“அக்கா, மக்கோ வயித்துலேர்ந்து ஒரு ரப்பர் பூட்ஸ் வந்துச்சாமே! உங்க தம்பி அதப் பாத்துட்டு டெக்குல அப்படியே உக்காந்துட்டாராமே?”

“அவனுக்கு முதுகு வலி” என்றேன்.

ஒரு துண்டு எண்ணெய்க்காகிதம் வாங்கத்தான் போனேன். வாங்காமலே வந்துவிட்டேன்.

இடது காலா, வலது காலா?

தோமே


அயுகாவா
ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

கறிக்கப்பல் வந்தது. எல்லார் வீட்டுக்கும் கடிதம் வந்தது. உன்னிடமிருந்து இல்லை. உடம்பு சரியில்லையா? ஃபுகுயோ புருஷன் உன்னைப் பற்றி எழுதியிருந்தார்: வேலைக்கு வருகிறாய், பேசுவதில்லை. நீ பேசவில்லை என்றால் கப்பலில் பாதிச் சத்தம் குறைந்திருக்கும்.

பயந்து எழுதாமல் இருக்கிறாய் என்றால், பயப்படாதே. முதலில் நானும் வேறு மாதிரி நினைத்தேன். இருட்டில் உட்கார்ந்து நினைக்கக் கூடாததெல்லாம் நினைத்தேன். பிறகு சாமியாரிடம் போனேன்.

“உடம்பில்லாம அடக்கம் பண்ணலாமா சாமி?”

“அவனோடது ஏதாவது ஒண்ணு இருந்தா போதும் தோமே. ஒரு முடி, ஒரு துணி.”

“கடல்லேர்ந்து வந்ததா இருக்கணும் எனக்கு.”



மண்ணில் வைக்க ஒன்று கிடைத்தால் போதும் எனக்கு, குமா. மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கை ஓய்ந்துவிட்டது. அந்த பூட்ஸ் இருந்தால் அனுப்பு.

தோமே


வடகடல்
செப்டம்பர் 1

அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நலமா?

இடது கால்.

ஜூலைக் கடைசியில் ஒரு கிழட்டு மக்கோ. நான்தான் கிழித்தேன். அலகுகளுக்கு நடுவே கறுப்பாக எதுவோ. சுறாவின் ஈரல் என்று நினைத்து இழுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, அக்கா. முதலில் இதைத் தெரிந்துகொள். வெறும் பூட்ஸ். விழுந்தவன் உதறிவிட்ட பூட்ஸ், மிதந்துகொண்டிருந்ததைக் கணவாய் என்று நினைத்து அந்தக் கிழம் விழுங்கியிருக்கிறது. அதற்கு மேலே எதுவும் நடக்கவில்லை.

ஓச்சியாய் அதை அளந்து, சீட்டுக் கட்டி, அலகு வாளியோடு வைத்துவிட்டான். ராத்திரி எடுத்து என் படுக்கைக்கு அடியில் வைத்தேன். காலையில் வந்து நின்றான். “குமகிச்சி அண்ணே, அது விஞ்ஞானத்துக்குச் சொந்தம்.” “விஞ்ஞானத்துக்கு எத்தனை காலுடா?” என்றேன். முகத்தைப் பார்த்தான், போய்விட்டான். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எழுதிவைத்த தாளில் அந்த ஒரு வரியை அடித்திருந்தான்.

அது இசோவுடையதுதான். நான் வாங்கிக் கொடுத்தது எனக்குத் தெரியாதா? உள்ளே இருந்த கடை முத்திரை அழிந்துவிட்டது, ரப்பர் உப்பியிருக்கிறது. ஆனாலும் அதுதான்.

இங்கே ஒரு கிழவர், என்னைப்போல வாயை மூடத் தெரியாதவர், பூட்ஸைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பூட்ஸை ஒரு அளவு பெருசாத்தான்டா வாங்கணும். விழுந்தா உதறிட்டு நீந்தலாம். அளவா வாங்கினா, தண்ணி ரொம்பினதும் கல்லக் கட்டினாப்பல உள்ள இழுத்துட்டுப் போயிடும்.” நான் அளவாக வாங்கினேன், அக்கா. கடைக்காரன் அரை அளவு பெரிதாகக் காட்டினான். “என் மருமவன் திமிங்கிலம் சுடுற பீரங்கிக்காரனாகப் போறவன், தொளதொளன்னு நடக்கலாமா?” என்று பெருமையடித்து, பாதத்தைத் தடவிப் பார்த்து, அளவாகவே வாங்கினேன். அந்தக் கிழவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, மார்ச்சிலிருந்தே என் தூக்கம் அந்தக் கடையில்தான் நின்றுகொண்டிருக்கிறது. அதை விடு. ஒன்றாவது கழன்றிருக்கிறது, பார். ஒன்று கழன்றதே.

எண்ணெய்க்காகிதத்தில் சுற்றி இந்தக் கறிக்கப்பலில் அனுப்புகிறேன். மண்ணில் வை. தட்டை நிறுத்து. சாப்பிடு.

மாத முடிவில் ஹகோதாதேயில் இறங்குவோம். அதற்குப் பிறகு ஊருக்கு வருவதா என்று தெரியவில்லை. வந்து உன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

குமகிச்சி


அயுகாவா
செப்டம்பர் 15

அன்புள்ள தம்பி குமகிச்சிக்கு,

நீ ஹகோதாதேயில் கால் வைக்கும்போது கையில் கிடைக்க வேண்டும் என்று துறை அஞ்சலுக்கு அனுப்புகிறேன். இங்கே மழை நின்றுவிட்டது. என் முழங்கால் தேவலை. உன் முதுகு எப்படி? இந்தத் தடவை நான் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

பொட்டலம் வந்தது. நானே பிரித்தேன். வெந்நீர் வைத்து, பழந்துணியால் உள்ளும் புறமும் கழுவினேன். பிணத்தைக் கழுவுவது மாதிரித்தான் கழுவினேன். அப்போதுதான் அழுதேன், மார்ச்சிலிருந்து முதல் தடவையாக. ஃபுகுயோ வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமல் போய்விட்டாள். அவள் சொல்லாமல் போனது ஊருக்கே அதிசயம்.

சாமியார் ஓதினார். பெட்டி செய்து, கடலைப் பார்த்து மண்ணில் வைத்து, மேலே ஒரு கல் நட்டோம். இசோவின் பெயர்ப்பலகையும் அன்றே எழுதச் சொன்னேன்.

சாயங்காலம் ஃபுகுயோ மிங்கிக் கறி கொண்டுவந்தாள். நீ சொன்னபடி இஞ்சி துருவிப் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

நீ வாங்கிக் கொடுத்த பூட்ஸ் இரண்டும் என் வாசலில் இருக்கின்றன. இடதும் இருக்கிறது, வலதும் இருக்கிறது. நீ கொடுத்த அன்று அதைப் போட்டுக்கொண்டு பாய்மேலேயே நடந்து காட்டினான், நான் துடைப்பத்தை எடுத்தேன். அதற்குப் பிறகு அவன் அதைப் போடவே இல்லை. “பீரங்கிக்காரன் ஆனப்புறம்தாம்மா இதப் போட்டுக்கிட்டு ஏறுவேன். இப்பவே போட்டா அடுப்படிப் புகையில வீணாப் போயிடும். மாமாகிட்ட சொல்லிடாத, வருத்தப்படுவாரு.” அன்றைக்கும் வைக்கோல் செருப்போடுதான் போனான். சொல்லாதே என்றான், அதனால் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான் மிச்சம் என்று வைத்திருந்தேன். உன் தூக்கம் அந்தக் கடையில் நிற்பது தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

உன் பூட்ஸ் அவனை இழுத்துக்கொண்டு போகவில்லை, குமா. அவன் காலில் கனமாக ஒன்றுமே இல்லை. லேசாகத்தான் போனான்.

படகில் வேறு யாருடைய பூட்ஸையாவது மாட்டிக்கொண்டிருப்பானோ என்ற நப்பாசையில்தான் உன்னை அனுப்பச் சொன்னேன்; பொட்டலத்தைப் பிரித்தவுடனே தெரிந்துவிட்டது. அது பெரிய கால். குதிகாலை ஒருபக்கமாகத் தேய்த்து நடக்கிற, முப்பது வயதாவது ஆன ஒருத்தன் கால். நீ பொய் சொன்னாயா, நம்பித்தான் எழுதினாயா என்று நான் கேட்கமாட்டேன். நீயும் கேட்காதே.

யாரோ ஒருத்தி எங்கேயோ இவனுக்காக மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் பாஷை பேசுகிறவளோ இல்லையோ. அவளிடம் போய்ச் சொல்ல வழியில்லை. அதனால் அவள் எப்படிக் கழுவியிருப்பாளோ அப்படிக் கழுவினேன். கழுவும்போது தோன்றியது, என் பிள்ளையின் வைக்கோல் செருப்பு ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கியிருந்தால் அங்கேயும் ஒருத்தி இருப்பாள் என்று. அதற்குப் பிறகுதான் பலகை எழுதச் சொன்னேன். கடல்புறத்துக் கல்லில் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஊதுவத்தி வைக்கிறேன்.

வாசலில் இருக்கிற பூட்ஸ் உன் அளவுதான். உன் பழைய செருப்போடு வைத்து அளந்து பார்த்தேன். ஓட்டை பூட்ஸோடு இன்னொரு வருஷம் நிற்காதே. வந்து எடுத்துக்கொள். முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் காலைப் பார்த்துக்கொண்டு வா.

இன்று காலையும் நிழல் தட்டு வைத்தேன். இசோவின் மெத்தையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன், உன் மெத்தையைப் போட்டேன். சோறு, மிசோ சாறு, நீ சோற்றுக்கு அடியில் மறைக்கிற அந்தக் காய். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் தூக்கினேன்.

வியர்த்திருந்தது. வந்து சேர்.

அக்கா தோமே